மூணாவது ஆளோட முகம்

ஞானசுந்தரம் சார் போயிட்டார். இன்னைக்குக் காலைல. தூக்கத்துலயே.

பழைய சுவரோவியங்களைக் கெமிக்கல் வச்சு சுத்தம் பண்ற வேலைல நான் அவர்கிட்ட ஆறு வருஷம் அசிஸ்டென்ட்டா இருந்தேன். காலைலேர்ந்து என் டைம்லைன் முழுக்க "ஓவியங்களின் டாக்டர் மறைந்தார்" தான். எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க... நானும் என் பங்குக்கு எழுதிடறேன். திட்டறவங்க கமெண்ட்லயே திட்டுங்க, இன்பாக்ஸுக்கு வராதீங்க.

மனுஷனுக்கு ரெண்டே ரெண்டு மருந்துதான் தெரியும். ஒண்ணு அமோனியா. இன்னொண்ணு, அமோனியா கொஞ்சம் ஜாஸ்தி.

வெள்ளை கோட் ஒண்ணு வச்சிருந்தார். சுவத்துல கை வைக்கிறப்ப இல்ல, போட்டோ எடுக்கறப்ப போட்டுக்க. எனக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கித் தந்ததில்ல. "உங்க ஏரியா கையை இதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா"ன்னு சிரிப்பார். நான் கொருக்குப்பேட்டை. அவர் வடசென்னைக்கு வந்தாலே கர்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டுதான் கார்லேர்ந்து இறங்குவார்.

ராயபுரத்துல, ஹார்பர்ல மூட்டை தூக்கினவங்க சேர்ந்து கட்டின ஒரு பழைய பஜனை மடம் இருக்கு. உள்சுவத்துல ஒரு ஊர்வலப் படம். சாமியைத் தோள்ல தூக்கிட்டுப் போற எட்டு பேர்.

சும்மா கற்பனையா வரைஞ்ச ஆளுங்க இல்ல... மடத்தைக் கட்டினவங்களையே நிக்க வச்சு வரைஞ்சது. நாங்க போனப்ப எட்டு முகமும் கரியா கறுத்துப் போயிருந்தது.

மடத்துச் சாவி கன்னியப்பன் அண்ணன்கிட்ட. ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மொத நாளே மூணாவது ஆளைக் காட்டினார்.

"அது எங்க தாத்தாம்மா. ஒரு போட்டோ கூட கெடையாது. எங்க நைனா சின்ன புள்ளைல பாத்த மூஞ்சி, நான் பாத்ததே இல்ல. தொடச்சா தெரியுமா?"

தெரியும்னு சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொல்லல. ஒரு தலைப்பாகையோட ஓரத்துல, யார் கண்ணுக்கும் படாத இடத்துல, தீக்குச்சி முனை அளவுக்கு டெஸ்ட் பண்ணிட்டுதான் சொன்னேன்.

அந்தக் கறுப்பு அழுக்கே இல்ல. பழைய பெயிண்ட்ல ஈயத்துல செஞ்ச வெள்ளை இருக்கும். சாக்கடைக் காத்தும் கம்பெனிப் புகையும் பட்டுப் பட்டு அந்த வெள்ளையே கறுத்துடும். கறுத்துப் போனாலும் அதுதான் முகம். ஹைட்ரஜன் பெராக்சைடை பார்த்துப் பார்த்துத் தொட்டு வச்சா திரும்ப வெளுக்கும். தேய்க்க மட்டும் கூடாது.

சார்கிட்ட சொன்னேன். மூக்குலேர்ந்து கர்சீப்பை எடுக்காமலே பதில் சொன்னார்.

"நீ பி.எஸ்சி. நான் டாக்டரேட். கறுப்பா இருந்தா அழுக்கு. கொருக்குப்பேட்டைப் பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது?"

சொல்லிட்டு பஞ்சை அமோனியால முக்கித் தேய்ச்சார். நேரா மூணாவது ஆளோட முகத்துல. ஏன்னா போட்டோகிராபர் அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தார்.

பஞ்சு கறுப்பா வந்துது. "பாருங்க, எவ்வளவு அழுக்கு!"ன்னு கேமராவுக்குத் தூக்கிக் காட்டினார். அவர் கைல இருந்தது ஒரு மனுஷனோட கன்னம். சுவத்துல சுண்ணாம்பு தெரிஞ்சுது.

நான் கத்தியிருக்கணும். கத்தல. அடுத்த பஞ்சையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நெத்தி வரைக்கும் போனதுக்கு அப்புறம்தான் நிறுத்தினார். மீதி ஏழு முகத்தையும் பெராக்சைடு வச்சு நான் மீட்டேன். அதை ஒரு கான்ஃபரன்ஸ்ல தன்னோட மெத்தட்னு சொல்லிக் கைதட்டு வாங்கினார்... அது போகட்டும். அந்த வெறும் சுண்ணாம்புக்கு என்ன பண்ணார் தெரியுமா?

பேனர் வரையற ஆர்ட்டிஸ்ட் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். அவர் "முகத்துக்கு மாடல் வேணுமே சார்"னு கேட்டதும், நம்ம டாக்டர் தலைல துண்டைக் கட்டிக்கிட்டு தானே போய் நின்னார். கண்ணாடியை மட்டும் கழட்டினார். அவ்வளவு பெரிய மனசு.

வாழ்க்கைல ஒரு மூட்டை தூக்காத மனுஷன் அன்னைலேர்ந்து அந்தச் சுவத்துல சாமி தூக்கறார். அதே டை அடிச்ச மீசை.

திறப்பு விழா அன்னைக்கு கன்னியப்பன் அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னார். சார்கிட்ட ஒண்ணும் கேட்கல. என்கிட்ட வந்துதான் கேட்டார், "எங்க தாத்தா எங்கம்மா?"

செருப்பு மாட்டற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன். வெக்கமா இருந்துது. இப்பவும் இருக்கு.

இன்னைக்கு மத்தியானம் கன்னியப்பன் அண்ணனுக்குத்தான் போன் பண்ணேன். சார் தவறிட்டார்னு சொன்னேன்.

"செத்தவர பத்தி தப்பா பேசக் கூடாதும்மா... ஆனா இப்பவாச்சும் அந்த மூஞ்சிய எடுத்துட்லாமா?"

"எடுக்கலாம்ணே. அது புது பெயிண்ட், அசிட்டோன்ல வந்துடும். ஆனா அடியில தாத்தா இல்லண்ணே. வெறும் சுண்ணாம்புதான்."

"வெறும் செவுரா இருந்தா இன்னா? எங்க தாத்தா நின்ன எடம்மா அது. சாமிக்கு சூடம் காட்டும்போதுல்லாம் அந்த ஆளு மூஞ்சிக்கும் சேத்துதான் காட்டிக்கினு கீறேன்."

மாலை போட வர முடியல சார். மன்னிச்சுக்குங்க. நாளைக்குக் காலைல மடத்துல வேலை இருக்கு. கிளவுஸ் நானே வாங்கிட்டேன்.

போயிட்டு வாங்க. பயப்படாதீங்க... மொதல்ல மீசை ஓரத்துல சின்னதா ஒரு டெஸ்ட் பண்ணிட்டுதான் உங்களைத் துடைப்பேன்.