பாலாற்று மணலில் பிரித்த கட்டுச்சோறு

நைனாவின் தோள் துண்டிலிருந்து புளிக்காய்ச்சல் வாசனை வந்தது... அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஏர், மாடு, களம் இவைதான் அவர் உலகம். ஐம்பதுகளின் ஆரம்பம் அது. உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தங்கை செல்லாவுக்கு ஐந்து.

அம்மாவுக்கு மாதக்கணக்காக இருமல். காஞ்சிபுரத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் பின்கட்டில் தனியாகப் படுத்தாள். தனித் தட்டு, தனி டம்ளர். "கிட்ட போவாதீங்க" என்று மட்டும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தைதான் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் நைனா சொன்னார், "நாளைக்கு பாலாத்துக்கு போறோம். அங்கயே சாப்புடலாம்."

"பிக்னிக்கா நைனா?" டீச்சர் சொல்லிக் கேட்ட வார்த்தை.

"ஆமா, அதான்."

அன்று சாயங்காலம் அத்தையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே அடுப்பை மூட்டினார். அம்மா பின்கட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கம் பாய் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"வெங்காயம் வேணாங்க. வெயில்ல மத்தியானத்துக்குள்ள நாறிடும். தேங்காவ வறுத்துட்டு அரைங்க... பச்சையா அரைச்சா தாங்காது."

"தயிர் சோறு?"

"பாலை ஊத்தி பெசைங்க. தயிரு ஒரு கரண்டி போதும். போய் சேர்றதுக்குள்ள தோஞ்சிக்கும்."

சோற்றை முறத்தில் வாழை இலை போட்டு ஆற வைக்கச் சொன்னாள். ஈரக்கை படவே கூடாது, நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும். நைனா ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கி அவளைப் பார்ப்பார். பெரிய ஆள், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி.

அதோடு விடவில்லை. பொரிவிளங்காய் உருண்டையும் பிடிக்கச் சொன்னாள். "அது ஒரு மாசம் ஆனாலும் கெடாது."

நான் கேட்டேன், "நாளைக்கே திரும்பி வந்துடுவோம் இல்ல? ஒரு மாசம் எதுக்குமா?"

நைனா வெல்லப்பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பாகு அதற்குள் முற்றிப்போயிருந்தது.

விடிகிற நேரத்தில் வண்டி புறப்பட்டது. மாமா, அம்மாவின் அண்ணன், மாட்டை ஓட்டினார். அம்மா பின்னால் வைக்கோல் மேல் சாய்ந்திருந்தாள். பஸ்ஸில் போனால் அவள் இருமும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் வண்டி... அது பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்கு ஒரே குஷி. செல்லா வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள்.

வெயில் ஏறின பிறகு பாலாறு. எங்கும் மணல், நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஒரு புளியமரத்தடியில் மூட்டையைப் பிரித்தோம். அனலில் வாட்டின இலை, வாழைநார்க் கட்டு, உள்ளே புளிச்சோறு... ஒரு பருக்கை கூட கெடவில்லை.

அம்மா எங்களைவிட்டுத் தள்ளி, காற்று எங்கள் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"உப்பு கீதா?" அங்கிருந்தே கேட்டாள்.

"கீதும்மா."

"இன்னும் கொஞ்சம் வச்சிக்கோ."

செல்லா ஒரு வாய் சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். நைனா எட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டார். அம்மா மூன்று வாய் கூடச் சாப்பிடவில்லை. நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், "வாலாஜாபாத்ல ரயில் பாக்கலாம் வாங்க" என்றார் மாமா. ஆற்றைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டியில் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. அது அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

ரயில் வந்தது. நைனாவும் அம்மாவும் ஏறினார்கள்.

"அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துட்டு நான் வந்துடறேன். நீங்க மாமா கூட வூட்டுக்கு போங்க" என்றார் நைனா.

செல்லா தரையில் உருண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம். பிக்னிக் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களே என்ற கோபம்... அம்மா ஜன்னல் வழியாக என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தடவை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரயில் நகர்ந்து, சத்தம் அடங்கின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். ஐப்பசி மழையில் தகவல் வந்தது.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் நைனாவிடம் கேட்டே விட்டேன்.

"ஏன் நைனா பொய் சொன்னீங்க?"

தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அவதாம்மா சொல்ல வேணான்னா. தெரிஞ்சா கொயந்தைங்க வழியெல்லாம் அழுவும்... நான் போம்போது அதுங்க வவுறு நெரம்ப சாப்புடறத பாத்துட்டு போறேன்னா."

"ஸ்டேஷன்ல நான் மூஞ்ச திருப்பிக்கினேனே..."

"அத பத்தி அவ ஒண்ணும் சொல்லல. கொயந்த நல்லா சாப்புட்டுச்சின்னு ரயில்ல சொல்லிக்கினே வந்தா."

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்ல பேத்திதான் இதை டைப் செய்கிறாள். இப்போதெல்லாம் அந்த வியாதிக்கு வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதத்தில் குணமாகிவிட்டது. போன வாரம் புருஷன், பிள்ளைகளோடு வேடந்தாங்கலுக்குக் காரில் கிளம்பினாள். வழியில் ஹோட்டலில் பார்சல் வாங்கிக்கொள்வார்களாம்.

அவள் பெண் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா சீக்கிரம் வா" என்று அதட்டிக்கொண்டிருந்தது. அவளும், "வரேண்டி, வரேன்" என்று சிரித்துக்கொண்டே போய் ஏறினாள்.

கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.