மாநாட்டுக்குப் போன மில்லிமீட்டர்

அலுவலகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பெட்டிகளை நகர்த்திக்கொண்டு போகும் கன்வேயர் பெல்ட்டுகள் செய்கிற கம்பெனி. அங்கே இருபத்தேழு வருஷமாக இயந்திரப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். அவர் வரைந்த படத்தில் ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனது என்று பட்டறையில் ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. அடுத்தவர் படத்தில் தள்ளிப் போயிருந்தால் மனுஷன் சும்மா விடமாட்டார். சிவப்புப் பேனாவும் கையுமாக வந்து உயிரை வாங்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு பொய் சொன்னார். இரண்டே சொல்தான், பெரிய புளுகெல்லாம் இல்லை. ஆனால் அது அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்து மேஜையில் ஒரு பெண் இருந்தாள். நாலு வருஷமாக வேலை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. இவர் அவளை வாய் நிறையத் "தங்கச்சி" என்பார், அவள் "அண்ணா" என்பாள். அவளுக்குக் கம்ப்யூட்டரில் த்ரீடி வரைவது தண்ணீர் பட்ட பாடு. ஒரு கியர் பெட்டியைத் திரையில் கழற்றி, திருப்பி, மறுபடி பூட்டிவிட்டு, "அவ்ளோதான் அண்ணா" என்று சிரிப்பாள். இவருக்கோ தட்டையான கோட்டுப் படம்தான் கைவந்தது. கம்பெனி எல்லாவற்றையும் த்ரீடிக்கு மாற்றப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து தன் வேலை நிலைக்குமா என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காபி மிஷின் பக்கத்தில் மேனேஜர் அவரைப் பிடித்தார்.

"நம்ம சாஃப்ட்வேர்ல வரையறவங்க மாநாடு வருது. வெளியூர்ல, மூணு நாள். ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். அங்கேயே சர்டிஃபிகேட் பரீட்சையும் வைக்கிறாங்க. பாஸ் பண்ணிட்டு வர்றவங்கதான் புது த்ரீடி பிரிவுக்குப் பொறுப்பு. உங்க பக்கத்து சீட் பொண்ணை அனுப்பலாம்னு பாக்கறேன்."

"அவங்களுக்குக் கைக்குழந்தை சார்" என்றார் மில்லிமீட்டர். "மூணு நாள் வெளியூர்னா ரொம்பக் கஷ்டம்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

இதுதான் அந்த இரண்டு சொல். கேட்கவே இல்லை. நாக்கு தானாகப் புரண்டுவிட்டது என்று பிறகு தனக்குத்தானே எத்தனையோ சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தார். நாக்கு தானாகப் புரளுமா, என்ன? புரட்டியவர் அவர்தான். மேனேஜர் ஒரு மடக்குக் காபி குடித்துவிட்டு, "அப்ப நீங்களே போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டு கிடைத்துவிட்டது, பரீட்சை எழுத வேண்டாமா? ஒரு பாகத்தின் படத்தைக் கொடுப்பார்கள். அதைக் குறித்த நேரத்துக்குள் த்ரீடியில் செய்து, அது இத்தனை கிராம் எடை என்று பதில் போட வேண்டும். எண் தப்பினால் மார்க் கிடையாது. பயிற்சி செய்து பார்க்கும்போது இவர் அளவெல்லாம் அச்சு அசலாகப் போட்டுவிடுவார். அது எஃகா அலுமினியமா என்று சொல்ல மறந்துவிடுவார். எடை எங்கேயோ போய் நிற்கும். திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து யார் வந்தது தெரியுமா? தங்கச்சிதான்.

"மாநாட்டுக்கு நீங்களா அண்ணா போறீங்க? முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் சொல்லித் தர்றேன்."

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தை அவருக்கே கொடுத்தாள். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் மணி பார்க்க செல்போன். அவளாகவே பயிற்சிக்கு இருபது பாகங்கள் வரைந்து கொண்டுவந்தாள். "முதல்ல மெட்டீரியல் குடுங்க அண்ணா, மெட்டீரியல்!" என்று அவள் அதட்டும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு கொடுப்பார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். "என்ன அண்ணா, சந்தேகமா?" என்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்று மறுபடி திரையைப் பார்ப்பார். வெட்கங்கெட்ட மனுஷன்!

மாநாட்டில் ஆயிரம் பேர் இருந்தார்கள். எல்லார் கழுத்திலும் அட்டை. அறைக்கு அறை பெரிய திரை. இரண்டாம் நாள் பரீட்சை அறையைத் தேடி மேல்மாடிக்குப் போனவர், கதவில் வாத்துப் படம் ஒட்டிய ஒரு அறைமுன் நின்றுவிட்டார். உள்ளே தரை முழுக்கப் பஞ்சு மெத்தை. ஏழெட்டுக் குழந்தைகள் மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தன. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் தன் பிள்ளையை ஆயாவிடம் இறக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"வர்றவங்க பிள்ளைங்களை இங்கேயே பாத்துக்கறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார், மூணு நாளும். வருஷா வருஷம் உண்டு. இது இருக்கறதாலதான் நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்கு ஓடினாள்.

குழந்தை, குழந்தை என்று அவர் மனசுக்குள் கட்டி வைத்திருந்த நியாயமும் அங்கேயே இடிந்து விழுந்தது. அப்படியே போய்ப் பரீட்சையில் உட்கார்ந்தார். முதல் வேலையாக மெட்டீரியல் கொடுத்தார். எழுபத்தைந்து வந்தால் போதும், எண்பத்திரண்டு வந்தது. பக்கத்தில் எழுதியவர் கை கொடுத்தபோது, திருடினவனைத் தட்டிக்கொடுத்ததுபோல் கூசிப்போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொண்ணுக்கு நன்றி சொன்னீங்களா? அவ இல்லாட்டி நீங்க எங்க பாஸ் பண்றது?" குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தங்கச்சி அவர் திரையில் "வாழ்த்துகள் அண்ணா" என்று எழுதி ஒட்டியிருந்தாள். மாநாட்டில் கொடுத்த பையை, பேனா, குடை எல்லாவற்றோடும் அவள் மேஜையில் வைத்தார். அவள் பையைத் திறக்கக்கூட இல்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா? மறைக்காம சொல்லுங்க. என் வேலையில என்ன குறை? போறியான்னு மேனேஜர் ஒரு வார்த்தைகூட என்னைக் கேக்கலையே. ஒரு மாசமா ஒவ்வொரு படத்தையும் மூணு தடவை சரிபாக்கறேன். தப்பே தெரியல. எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"பரவாயில்ல அண்ணா. பழைய படங்களை அடுக்கி வைக்கிற பிரிவுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்துட்டேன். வரையற வேலைக்கு நான் லாயக்கில்ல போல."

ஐயோ என்றிருந்தது அவருக்கு. பறித்தது ஒரு பயணத்தை மட்டும் என்றல்லவா நினைத்திருந்தார்! அங்கேயே அவள் எதிரிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாரா? இல்லை. விழுந்தடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், த்ரீடி பொறுப்பை அவங்களுக்கே குடுத்துடுங்க. நான் கீழ வேலை பாக்கறேன். அவங்களுக்குச் சம்மதம்தான் சார், எனக்குத் தெரியும்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "லெட்டர் வேற மாதிரி இருக்கே?" என்று சொல்லி, போனை எடுத்து அவளையே கூப்பிட்டார். வந்தவளிடம், "த்ரீடி பிரிவை எடுத்துக்க நீங்க சம்மதிச்சதா இவர் சொல்றாரு" என்றார்.

"நானா? எப்ப சார்?"

மறுபடியும் அதே வேலையைச் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் மில்லிமீட்டர் மண்டையில் உறைத்தது. இதற்குமேல் பூசி மெழுக ஒன்றுமில்லை.

"சம்மதிக்கல சார். நான் கேக்கவே இல்ல. மாநாட்டுக்கும் கேக்கல. கேட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. உன்னைத்தான் அனுப்பறதா இருந்தாங்க. குழந்தையை விட்டுட்டு நீ வரமாட்டேன்னு நான்தான் சொல்லிட்டேன். வேலை போயிடும்னு பயம். வேற ஒண்ணுமில்ல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் மேஜைமேல் கிடந்த தன் லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"ஒருவேளை வரமுடியாதுன்னுதான் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றாள். "ஆனா அதை நான் சொல்லியிருக்கணும். இனிமே எனக்காக நீங்க பேசாதீங்க. நல்லதுக்காகக்கூட வேண்டாம்."

அப்புறம் மேனேஜரிடம், அடுத்த மாதம் வெளியே பரீட்சை மையத்தில் தானே எழுதுவதாகச் சொன்னாள். பொறுப்பு யாருக்கு என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். மில்லிமீட்டரிடம், போய் வேலையைப் பாருங்கள் என்று கதவைக் காட்டினார்.

மறு வாரம் மதியம் அவள் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் செல்போனில் மணி, மூடி திறக்காத டிபன் பாக்ஸ். அவர் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை கிட்டே போனார்.

"நான் வேணும்னா மணி பாக்கட்டுமாம்மா? நீ சாப்ட்டுக்கிட்டே செய்யலாம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள்.

"வேண்டாம் சார்" என்றாள்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.