முந்நூற்று நாற்பது கிலோவில் கழன்ற கொக்கி

திருச்செங்கோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறோம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் முன்னால் உட்காருவது அவர் வேலை. ஏணியில் ஏறி ஸ்பீக்கர் பாக்ஸ்களைக் கட்டுவது என் வேலை. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, லாரி பாடி கட்டும் பட்டறையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள் நான். இருந்தும் புது இடத்துக்குப் போனால், கூடமாட ஒத்தாசைக்கு வந்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன், ராசிபுரம் பக்கம் ஒரு மண்டபத்துக்காரர் எங்களைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும், மரியாதையான மனுஷன். அந்த மண்டபத்தில் பாக்ஸ்களைத் தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. மூன்று வாரத்தில் அவர் மகளுக்கே அங்கே கல்யாணம். அதற்குள் மேடையின் இரண்டு பக்கமும் பாக்ஸ்களை மேலே தொங்கவிட வேண்டும் என்றார். கூரையில் ஏற்கெனவே இரண்டு கொக்கிகள் இருந்தன. மண்டபம் கட்டும்போதே மேஸ்திரி பீம் கம்பியோடு சேர்த்து வளைத்துப் போட்டது, யானையையே கட்டலாம் என்றார் மண்டபத்துக்காரர்.

நான் உடனே சரி சொல்லவில்லை. முதலில் எடை தெரிய வேண்டும். ஒரு பாக்ஸ் முப்பத்தெட்டு கிலோ என்று அதனோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். சட்டம், போல்ட், வயர் எல்லாம் சேர்ந்து நாற்பத்தாறு. பக்கத்துக்கு நான்கு பாக்ஸ். தூக்குகிற செயின் பிளாக்கையும் சேர்த்தால் இருநூற்று இருபது.

அதைப் போல இரண்டு மடங்கு எடையை முதலில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன், தாங்கினால்தான் பாக்ஸ் ஏறும் என்றேன். வேலை கைநழுவிப் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார். போனால் போகட்டும் என்றேன். அவர் தண்ணீர்க் குழாயை எடுத்துவரப் போனார்.

ஒரு கொக்கியிலிருந்து செயினில் ஓர் இரும்புத் தட்டைத் தொங்கவிட்டு, அதன்மேல் இருநூறு லிட்டர் ட்ரம் இரண்டை வைத்துக் கட்டினேன். கழன்றாலும் பெரிதாக விழாமல் இருக்க, தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் நின்றது. எல்லோரையும் வாசல் பக்கம் அனுப்பிவிட்டு, இரண்டு ட்ரம்மிலும் ஒரே சமமாகத் தண்ணீர் விட்டோம். லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு. தட்டோடு சேர்த்து இருநூற்று இருபது ஆனது, கொக்கி அசையவில்லை. முந்நூறு ஆனது. முந்நூற்று நாற்பதைத் தொட்டபோது மேலேயிருந்து பொடி உதிர்ந்தது. அடுத்த நொடி கொக்கி காரையோடு பிடுங்கிக்கொண்டு வந்து, தட்டு தரையில் உட்கார்ந்தது. மண்டபம் முழுக்கத் தண்ணீர்.

மண்டபத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்து வந்தார்.

"ஏனுங்கம்மா, இருநூத்தி இருவதத் தாங்கிருச்சுங்களே. நமக்கு வேண்டியது அவ்வளவுதானுங்களே?"

"இன்னைக்குத் தாங்குச்சுங்க ஐயா. தூக்குறப்ப ஒரு குலுக்கல் விழுந்தா அந்த எடை அதே எடையா இருக்காதுங்க. நாலு வருசம் கழிச்சு எவனாவது ஒரு பாக்ஸ் சேத்து மாட்டுனாலும் தாங்கோணும். கீழ சனம் உக்காந்திருக்குமுங்க."

அவர் கொக்கியை எடுத்துப் பார்த்தார். பீம் கம்பியை அது தொட்டதே இல்லை. நாலு விரற்கடை காரைக்குள் செருகியிருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பண்ணோணுமோ பண்ணுங்க" என்றார்.

கட்டட இன்ஜினியர் ஒருவரை வரவழைத்து, பீம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு எழுதி வாங்கினோம். அவர் வரைந்து கொடுத்தபடி மொட்டை மாடியில் பீமுக்கு மேலே 'ப' வடிவ இரும்புச் சேனலைக் குறுக்காகப் படுக்கவைத்து, பீமின் இரு பக்கமும் தளத்தைத் துளைத்துக் கம்பி இறக்கி, அடியில் புதுக் கொக்கி வைத்த தடித்த பிளேட் போட்டு முடுக்கினோம். எல்லாம் என் பழைய பட்டறையில் செய்த சாமான். பிறகு மறுபடி ட்ரம். இந்த முறை விளிம்பு வரை நிரப்பினேன், நானூற்று நாற்பது. ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டு, தட்டுக்கும் தரைக்கும் இடையே மணிக்கொரு தரம் டேப் பிடித்தேன். ஒரு நூல் கூட இறங்கவில்லை. அடுத்த பக்கமும் அப்படியே. அதன்பிறகுதான் பாக்ஸ்கள் ஏறின. செயின் போனாலும் பிடித்துக்கொள்ள, தனியாக ஓர் இரும்பு வடமும் கட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பூ அலங்காரக்காரர் வந்து பாக்ஸ் தொங்கும் கொக்கியில் ஒரு பெரிய சரவிளக்கையும் மாட்டக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மண்டபத்துக்காரர் குறுக்கே வந்தார். இருநூற்று இருபதுக்கு மேல் ஒரு கிலோகூட ஏறக்கூடாது, குலுக்கல் என்று ஒன்று இருக்கிறது என்று, வகுப்பெடுப்பது போல அவருக்கு விளக்கினார். நான் ஏணிமேல் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முகூர்த்தத்தில் நாதஸ்வரம் கடைசி வரிசை வரை தெளிவாகப் போனது. முன்வரிசையில் ஒருவரும் காதைப் பொத்தவில்லை. தாலி கட்டி முடித்ததும் மண்டபத்துக்காரர் என்னைத் தேடி வந்து, சம்பந்தி வீட்டாரிடம் கூட்டிப்போனார்.

"மேல தொங்குறதெல்லாம் இந்த இஞ்சினியரம்மா போட்டதுங்க" என்றார்.

நான் டிப்ளமோதான் என்று திருத்தவில்லை. முதல் பந்தியிலேயே எனக்கு இலை போட்டிருந்தது. நிதானமாக உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.