கொக்கி வைக்காத ஜாக்கெட்

சொன்ன தேதிக்கு ஜாக்கெட் தந்த தையல்காரியை நீங்க பார்த்திருந்தா, தயவுசெஞ்சு எனக்கும் காட்டுங்க. ராஜபாளையத்துல இருபது வருசமா மிஷின் மிதிக்கேன். "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லாத நாளே கிடையாது. உங்களுக்கும் இதே பொழப்புன்னா என் பாடு புரியும்.

முழுக்கை

வன்னியம்பட்டி செல்வி பங்குனி வெயில்ல முழுக்கை ஜாக்கெட் கேட்டா. "ஏட்டி, வெந்து போவ"ன்னு சொல்லிக்கிட்டே டேப்பைச் சுத்தினேன். மேல்கையில அஞ்சு விரலும் பதிஞ்சு கன்னிப் போயிருந்துச்சு. என் வாய்தான் அடங்காதே, "எவன்டி இது?"ன்னு கேட்டுட்டேன். புருசன்தான். கட்டின நாள்லருந்து இதே கதையாம். "அம்மா வீட்டுக்குப் போகவேண்டியதுதானே"ன்னேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"போனேன்க்கா, ரெண்டு தடவை. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு அம்மாவே திரும்பப் பஸ் ஏத்தி விட்டுட்டாக."

இன்னும் தைக்கலை

இந்தத் தடவை மகளைக் கூட்டிக்கிட்டுச் சொல்லாமக் கிளம்பிரணும்னு செல்வி முடிவு பண்ணிட்டா. அவ வீட்டுல இருக்குறது ஒரே போன், அதுவும் புருசன் பையில. எங்க போனாலும் மணி பார்ப்பான். ஆனா தையல்கடைக்குப் பொம்பளைக நாலு தடவை அலையிறதை எந்த ஆம்பளையும் சந்தேகப்படுறதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு தாளைக் கொண்டாந்து என் கடையில இருக்குற அவ துணிப்பையில போடுவா: ஆதார், மகளோட பிறப்புச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட். கிருஷ்ணன்கோவில்ல ஒரு பொம்பளைப் பிள்ளைக விடுதிக்கு என் போன்லருந்து பேசினா. சமையல் வேலை, தங்க ரூமும் உண்டுன்னுட்டாக. மகளோட டி.சி. மட்டும் பாக்கி.

"அது கைக்கு வார வரைக்கும் என் ஜாக்கெட்டைத் தைச்சிராதீகக்கா."

நான் செஞ்ச கூத்து

ஒருநாள் கடையில கூட்டமில்லை. கை சும்மா இருக்குமா? அவ ஜாக்கெட்டைத் தைச்சுட்டேன். அதோட விட்டேனா? பழக்க தோசத்துல நோட்டுல இருந்த நம்பருக்குப் போட்டு "ஜாக்கெட் ரெடி"ன்னும் சொல்லிட்டேன். எடுத்தது புருசன்! சாயங்காலம் பைக்குல வந்து, "பையைக் குடும்மா"ன்னு நிக்கான். அம்புட்டுத் தாளும் அதுக்குள்ளதான் இருக்கு. "அய்யோ, கொக்கி வைக்கலைண்ணே! நாளைக்கு அவுகளை அனுப்புங்க, போட்டுப் பார்க்கணும்"னேன்.

"எம்புட்டு நாளாத்தான் தைப்பீக? உங்களை நம்பி ஒரு விசேசத்துக்குப் போக முடியுமா?"

மறுநாள் அவனே அனுப்பி வச்சான். செல்வி மகளோட வந்தா; வர்ற வழியில பள்ளிக்கூடத்துல டி.சி.யை வாங்கி மடியில வச்சிருந்தா. நான் அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேட்டேன். பையை வாங்கிக்கிட்டு நேரா கிருஷ்ணன்கோவில் பஸ் ஏறினவ, திரும்பிப் போகலை.

அரைக்கை

மூணு மாசம் கழிச்சு, சொந்த நம்பர்லருந்து பேசினா. மகளை அங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு; வார்டன் கூடப் போயி மகளிர் ஸ்டேஷன்லயும் எழுதிக் கொடுத்தாச்சு. அவன் ஒருதடவை வாசல்ல வந்து கத்தினானாம், விடுதியே திரண்டு வெளிய வந்துருச்சாம். எனக்குச் சந்தோசம் தாங்கலை. புது ஜாக்கெட் வேணும், அதே அளவுதான்னா.

"கை மட்டும் குட்டையா வைங்கக்கா. பொறவு, இனிமே சொன்ன தேதிக்குத் தந்திரணும், ஆமா."

இருபது வருசத்துல நான் ஒருநாள் முந்தியே, கொக்கியும் வச்சுக் கொடுத்தது அந்த ஒரு ஜாக்கெட்தான்.