மௌன சார் போட்ட கையெழுத்து

எங்க துறைத் தலைவருக்குப் பசங்க வச்ச பேரு மௌன சார். ஆளு வாயைத் திறக்காதவர்னு நினைச்சுடாதீங்க. மணி அடிச்சாலும் மூடமாட்டாரு. இலக்கிய வகுப்புல யாராவது ஒரு மறைந்த எழுத்தாளரைப் பத்திப் பேச வந்தா, முதல்ல மொத்த வகுப்பும் எழுந்து அந்த எழுத்தாளருக்கு ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும். அது அவரு கொண்டுவந்த வழக்கம். அதுல வந்த பேரு.

நான் அந்த அரசு காலேஜ்ல பதினாறு வருஷமா அட்டெண்டர். பெல் அடிக்கறது, மேஜை துடைக்கறது, கடுதாசியைக் கையெழுத்துக்குக் கொண்டு போறது எல்லாம் என் வேலை. அவரு பெரிய ஆராய்ச்சியாளர்னு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆராய்ச்சி எங்க இருக்குன்னும் தெரியும், தூசி தட்டறது நான்தானே. அலமாரியில முப்பது ஃபைல். எழுத்தாளருக்கு ஒண்ணு. பிறப்பு, படிப்பு, படைப்பு, மறைவுன்னு ஆளுக்கு நாலு பக்கம். பசங்க அதை ஜெராக்ஸ் எடுத்து, கலர் அட்டை போட்டு, மூச்சு விடாம வாசிச்சுட்டு மார்க் வாங்கிட்டுப் போயிடுவாங்க. அடுத்த வருஷமும் அரைச்ச மாவேதான்.

என் அக்கா பொண்ணும் அந்த வகுப்புலதான் படிக்கிறா. ஒரு பாடம் போச்சுன்னாலும் படிச்சு கிழிச்சது போதும், கடையில வந்து உட்காருன்னு அவ அப்பன் சொல்லிட்டான். சொன்னா செய்யற ஆளு. வகுப்புல பேசறதுக்கு அவளுக்கு வந்தது ஒரு நாவலாசிரியை. நாலு பக்கத்தை நகலெடுத்துட்டு வாடின்னா கேட்டாளா? நூலகத்துல அந்தம்மா எழுதின ஏழு புத்தகத்தையும் படிச்சா. பதிப்பகத்துக்குப் போன் போட்டா. மூணு சனிக்கிழமை எங்கேயோ போயிட்டு வந்தா. எங்கடின்னு கேட்டா, "வகுப்புல சொல்றேன் சித்தி"ங்கறா.

அன்னிக்கு நான் புரொஜெக்டர் வயரை மாட்டிக்கிட்டு இருந்தேன். சார் கையை உயர்த்தினாரு. எல்லாரும் எழுந்தாங்க, நானும் வயரோட நிமிர்ந்து நின்னேன். இவ மட்டும் வாயைத் திறந்தா.

"சார், மௌனம் வேண்டாம். அவங்க உயிரோட இருக்காங்க. சனிக்கிழமை எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க."

சார் சிரிச்சாரு. "ஃபைல்ல மறைந்த வருஷம் இருக்கேம்மா."

"அந்த வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கி எழுதறதை நிறுத்தியிருக்காங்க சார். அவ்வளவுதான்."

"பதினோரு வருஷமா இங்க நின்னு பேசினவங்க எல்லாம் முட்டாளா?"

ஆமான்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வயித்துப் பொழப்பு, முழுங்கிட்டேன். எழுதாத ஆளு செத்துப்போயிருப்பாங்கன்னு இவரா ஒரு வருஷத்தைப் போட்டுப் புதைச்சிருக்காரு. என்ன ஆராய்ச்சியோ, கருமம்!

"ஆதாரம் இல்லாம உளறினா மார்க் பூஜ்யம்"னாரு. போச்சு, இவ கடையில உட்கார வேண்டியதுதான்.

அவ பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தா. அந்தம்மா வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்களாம். பென்ஷனுக்காக ஒரு அரசு அதிகாரிகிட்டக் கையெழுத்து வாங்கி வருஷா வருஷம் கொடுக்கற உயிர்ச் சான்றிதழோட நகல். சார் வகுப்பைச் சிரிக்க வைக்கணும்னு ராகம் போட்டு வாசிச்சாரு.

"'மேற்படி பெண்மணி இன்று உயிருடன் இருப்பதை நேரில் கண்டு சான்றளிக்கிறேன்.' எந்தக் கபோதி கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டானோ!"

"கீழ பாருங்க சார்."

பார்த்தாரு. அவரு கையெழுத்து. அவரு முத்திரை. "பழைய வருஷத்துதும் இருக்கு, எல்லாமே நீங்க போட்டதுதான்"னா இவ. பின்வரிசையில ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான், அப்புறம் யாராலயும் அடக்க முடியலை.

எனக்குச் சிரிப்பு வரலைங்க. கம்பு ஊன்றிக்கிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை சார் கையெழுத்துக்காக வராந்தா பெஞ்சுல வந்து உட்காருவாங்களே, காலேஜுக்குப் பின்னாடி மூணாவது தெரு அம்மா, அவங்களா இவங்க? "சார் என்னைப் பார்க்க வேண்டாமாம்மா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க. "சார் பிஸி, நீங்க உட்காருங்க"ன்னு அந்த ஃபாரத்தை மத்த கடுதாசிக் கட்டோட வச்சு சார்கிட்ட நீட்டினது நான். அவரு போனைக் காதுல வச்சுக்கிட்டே கிறுக்குவாரு. அப்புறம் அவங்களுக்கே மௌனம் நின்னவ நான். வெட்கமா இருந்துச்சு.

"சரி சரி, மார்க் போடறேன், உட்காரு"ன்னாரு சார், முகத்தைத் துடைச்சுக்கிட்டே.

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே சார்."

முப்பது நிமிஷம் பேசினா. இருபதுக்குப் பதினெட்டு. அவ அப்பன் கடைக்கு வேற ஆள் பார்த்துக்கிட்டான்.

இந்த வருஷம் அந்தம்மா ஃபாரத்தோட வந்தாங்க. நான் வாங்கலை. கையைப் பிடிச்சு உள்ளயே கூட்டிட்டுப் போனேன். சார் போன்ல பேசிக்கிட்டே பேனாவை எடுத்தாரு.

"நேரில் கண்டுன்னு போட்டிருக்கு சார்"னேன்.

நிமிர்ந்தாரு. பேனா அப்படியே நின்னுச்சு. அந்தம்மா கம்பை மேஜையில சாய்ச்சு வச்சுட்டு எதிர் நாற்காலியில உட்கார்ந்தாங்க.

"ஒரு நிமிஷம் பாருங்க சார், போதும். செத்துட்டேன்னு நினைச்சப்பவே வருஷா வருஷம் ஒரு நிமிஷம் ஒதுக்கினீங்களாமே."