தலைவர் போன வண்டி

கோமாரி வந்த வருஷம் எங்கள் ஊர் மாடுகளெல்லாம் வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்து, நடக்க முடியாமல் நின்றன. எங்கள் வண்டி மாடுகள் இரண்டும் படுத்தே விட்டன. செவலைப் பசு மட்டும் மிச்சம். கைக்குழந்தையாக இருந்த தம்பி அதன் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தான். அதற்கும் ஒட்டிக்கொள்வதற்குள் உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டாக வேண்டும்.

டாக்டரை வரவழைக்க விவசாயிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்கொரு தலைவரும் இருந்தார். மாலைக்குக் கழுத்தைக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எப்போது கேட்டாலும் மேலே சொல்லியிருக்கிறேன் என்பார். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று என் அத்தை ஒருமுறை கேட்டே விட்டாள். ஊருக்கே அவர்மேல் எரிச்சல். அவர் வெளியே கிளம்பினால் எங்கள் மாட்டு வண்டியில்தான் போவார். அதனால் இந்த முறை சாக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. முட்டி வலி, வண்டி கட்ட மாடில்லை, எப்படிப் போவது என்றார்.

அத்தைக்கு வந்ததே கோபம். "மாடு இல்லன்னா இன்னா, நாங்க கீறோம். ஏறிக் குந்துங்க" என்றாள்.

நைனாவும் சித்தப்பாவும் நுகத்தடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்தார்கள். தெருமுனையோடு ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தலைவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். யாரும் ஓயவில்லை. அத்தை பின்னாலிருந்து தள்ள, தெருவே சேர்ந்துகொண்டது. ஏரிக்கரையில் அடுத்த ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்கு ஒரே குஷி. சங்கத் தலைவருக்கு இத்தனை மரியாதை செய்கிறோம், பூ இல்லாமலா என்று, கரையோரம் ஆவாரம்பூவைக் கை நிறையப் பறித்து, ஓடிப்போய் அவர் மடியில் போட்டுக் கும்பிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நிறுத்துப்பா, நான் நடந்தே வரேன்" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார். முட்டி வலி எங்கே போனதோ, எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் போட்ட சத்தத்தை அதுவரை எந்தக் கூட்டத்திலும் நாங்கள் கேட்டதில்லை. மறுநாள் டாக்டர் எங்கள் தெருவில் நின்றார்.

செவலை தப்பித்தது. தம்பிக்குப் பால் நிற்கவில்லை. வண்டி மாடுகளும் மெல்ல எழுந்தன. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அத்தையும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆவாரம்பூ அவருக்கு ஆகாது போலிருக்கிறது, சாமந்தியாகப் போட்டிருந்தால் கடைசிவரை சுகமாக உட்கார்ந்து வந்திருப்பாரே என்று வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.