தேசிக்காயில் ஏறாத கார்

“எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. பிழை உம்மட காலில. நான் ஓட்டேக்க நிக்காத கார், நீர் ஓட்டேக்க மட்டும் ஏன் நிக்குது?”

என் கணவர் இதைக் கேட்ட இடம் எங்கள் குசினி அல்ல. ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டுச் சந்தி. விளக்கு பச்சையாகி, பின்னால் ஒரு வரிசை கோர்ண் அடித்துக்கொண்டிருந்தது. “என்ர கால் கொன்வென்ற்றில பழகின கால். உங்கட எஞ்சின் எங்க பழகினது?” என்று கேட்டபடி நான் திறப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் சாரதி கண்ணாடியைத் திறந்து, நல்ல மரியாதையான இங்கிலீசில் சொன்னார்: “அம்மா, என்ர பஸ் இதைவிடக் கெதியாப் போகும். ஏறுங்கோ.”

கிற் கார் எஞ்சினை ரியூன் பண்ணுகிற வீட்டில் ஒருவராவது சாதாரண மனிசராக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. கராஜுக்குள் கணவரைப் பறிகொடுத்த சகோதரிகளே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கிற் கார் என்றால் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து, நாங்களே பூட்டிக்கொள்ளும் கார். தொண்ணூறுகளின் நடுவில் இவரும், எங்கள் தெருவிலேயே இருக்கும் குணம் அண்ணையும் இரண்டு குளிர்காலம் கராஜில் கிடந்து பூட்டினார்கள். பைபர் கிளாஸ் உடம்பு, இரண்டே சீற், கன்வஸ் கூரை. எஞ்சின் ஒரு பழைய காரில் கழற்றியது.

வீட்டில் இருந்த மற்றக் காரை இவர் ஒஷாவாவுக்கு வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மூன்றாம் முறை பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்த எனக்கு மிஞ்சியது இதுதான். இது ஓடினால் எனக்கும் ஒரு கார். பிழை என் காலில்தான் என்றால், மிச்சக் காலம் முழுக்க பஸ்.

தாலாட்டுப் பாடத் தெரியாத எஞ்சின்

பிழையின் பெயர் காம்ஷாஃப்ற். எஞ்சின் எவ்வளவு நேரம் வாயைத் திறந்து மூச்சு விடவேண்டும் என்று தீர்மானிக்கிற தண்டு அது. குணம் அண்ணை எங்கேயோ தேடி, ரேஸ் ஓடுகிறவர்கள் போடுகிற காம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் போட்டபின் எஞ்சின், மேடையில் உச்சத்தில் மட்டும் பாடத் தெரிந்த, தாலாட்டுப் பாடத் தெரியாத பாடகர் மாதிரி ஆகிவிட்டது. ஹைவேயில் பறக்கும். பிளாசா வாசலில் மெதுவாகத் திரும்பினால் குலுங்கி, இருமி, செத்துப்போகும். எங்களுக்குத் தலையில் புத்தகத்தை வைத்து நடக்கப் பழக்கினவர்கள் கொன்வென்ற் சிஸ்டர்மார். இந்தக் காரில் தலையே ஒரு இடத்தில் நிற்காது.

இவர் ஓட்டும்போது மட்டும் ஏன் நிற்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. சிவப்பு விளக்கில் நிற்கிற நேரமெல்லாம் இவர் அக்சிலரேற்றரை மிதித்து மிதித்து உறுமவைத்துக்கொண்டே இருப்பார். நான் நாலு பேருக்கு நடுவில் அப்படி உறுமுகிற ஆள் இல்லை. ஒருநாள் மீன் கடை வாசலில் நின்றுபோய், ஐஸ் கரைந்த பையோடு வீட்டுக்கு நடந்து வந்து கராஜ் கதவில் நின்று கத்தினேன். குணம் அண்ணைக்கு மனம் நொந்துவிட்டது. “மீன் வாங்கவே தங்கச்சி உந்த எஞ்சினைக் கட்டினது?”

நாலு தேசிக்காய்

புதுக் கார் என்றால் அம்மன் கோயிலில் பூசை போடாமல் விடுவோமா? ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு சில்லுக்கு முன்னாலும், கார் ஏறி நசிக்கவென்று, ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். “மெதுவா முன்னுக்கு எடுங்கோ தம்பி.” இவர் பட்டு வேட்டியோடு ஏறி இருந்தார். பின்னால் பூசைக்குக் காத்திருந்த புது வான் ஒன்றும், அதன் குடும்பமும்.

முதல் தரம் கார் தேசிக்காயைத் தொட்டதும் நின்றது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் இவர் உறுமவைத்து கிளச்சை விட, கார் ஒரு முழம் பாய்ந்தது. ஒரு தேசிக்காய் சில்லுக்கு அடியிலிருந்து தெறித்துப் போய் வான்காரரின் காலில் விழுந்தது. ஐயர் கற்பூரத் தட்டோடு பின்வாங்கினார். கார் நின்றுவிட்டது. நான் இவருடைய காலை மட்டும் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

கடைசியில் நான் ஸ்ரியரிங் பிடிக்க, இவரும் குணம் அண்ணையும் வான்காரரும் பின்னால் நின்று தள்ளி, மூன்று தேசிக்காயை ஒருமாதிரி நசித்தோம். ஐயர் எனக்கு விபூதி தந்துவிட்டு இவரிடம் சொன்னார்: “தள்ளி ஏத்தினாலும் பூசை பூசைதான் தம்பி. ஆனா வீட்ட போகேக்கயும் அம்மனைத் தள்ளச் சொல்லேலாது.”

முருங்கைக்காயோடு ஒரு சோதனை

அடுத்த நாள் காலை கராஜில் சத்தம். போய்ப் பார்த்தால், இவர் அந்த ரேஸ் காமைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, சீலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “நீர் இண்டைக்குக் கடைக்குப் போறீரே? மற்றக் காரில நானும் வாறன்” என்றார். இருபத்திரண்டு வருசத்தில் மரக்கறிக் கடைக்குத் தானாக வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் ஓட்டுவேன். இவர் மடியில் முருங்கைக்காயும் கீரையுமாகப் பக்கத்தில் இருந்து கேட்பார். “இப்ப எப்பிடி?” “ரெண்டாம் கியரில திரும்பேக்க இருமுது. பிறகு ஆரோ பின்னால தள்ளின மாதிரிப் பாயுது.” வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றை மாற்றுவார். இரண்டை ஒரேயடியாக மாற்றினால் எது சுகமாக்கியது என்று தெரியாதாம். சாதுவான காம் ஒன்று போட்டார். கார்புரேற்றரின் தொண்டையைக் கொஞ்சம் ஒடுக்கினார். பொறி அடிக்கிற நேரத்தைத் திருத்தினார். அக்சிலரேற்றர் கம்பியை மாற்றி, முதலில் மெதுவாகவும் பிறகு தாராளமாகவும் திறக்கிற மாதிரிச் செய்தார். நான் பொறுமை இல்லாதவள். ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் முடியவேண்டும் என்று நான் அவசரப்படவில்லை. குணம் அண்ணைதான் தாங்காமல் ஒருநாள் சொன்னார்: “மச்சான், மனுசியிட்டக் கேட்டு எஞ்சின் ரியூன் பண்ணுற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்.”

உருளையில் ஓடிய கார்

ஒஷாவாவில் ஒரு வேர்க்‌ஷொப்பில் காரை உருளைகளுக்கு மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சில்லுக்கு எவ்வளவு பலம் வருகிறது என்று அளப்பார்கள். ரேஸ் காம் இருந்தபோதும் அங்கேதான் அளந்தார்கள். அந்தக் கோடு போட்ட தாளைக் குணம் அண்ணை பிள்ளையின் ரிப்போர்ட் மாதிரி எல்லோருக்கும் காட்டித் திரிந்தவர். இந்த முறை நானும் போனேன். புதுக் கோட்டின் உச்சி கொஞ்சம் இறங்கியிருந்தது. குணம் அண்ணையின் முகம் செத்தவீட்டு முகமாகியது. ஆனால் கோட்டின் மிச்ச இடமெல்லாம், நான் ஒவ்வொரு நாளும் ஓட்டுகிற இடமெல்லாம், மேலே ஏறியிருந்தது. மெஷின்காரர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் ஒன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “உச்சியில கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. ஆனா மிச்சம் எல்லா இடத்திலயும் இப்ப ஒரு கார் இருக்குது.”

வெள்ளிக்கிழமை

பிறகு வந்த வெள்ளிக்கிழமை, இவர் வேலைக்குப் போனபின், குசினியில் இருந்து நாலு தேசிக்காயை எடுத்துக்கொண்டு நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். முதல் தரம் மிச்சம் விட்ட கணக்கு ஒன்று இருந்தது. நானே குனிந்து நாலு சில்லுக்கும் வைத்தேன். ஐயர் வாசலுக்கு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார். முதல் கியர். கிளச்சை விட்டேன், அக்சிலரேற்றரைத் தொட்டேனோ இல்லையோ தெரியாது. கார் ஒரு பெரிய மனிசியைப் போல எழும்பி, நாலிலும் ஏறி, இறங்கியது. எஞ்சின் ஒருக்காக்கூட இருமவில்லை. அப்படியே யூனியன்வில் வரை போய், சிநேகிதி வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது ஹைவேயால் வந்தேன். லொறிகளை முந்தினேன் என்பதை இவருக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கார் எனக்கு.

பின்னேரம் இவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து சில்லை மணந்துபார்த்தார். வேறு வீட்டில் என்றால் மனுசிக்கு ஒரு பாராட்டு கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது இதுதான், நான் அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்: “கிளச் எரிஞ்ச மணமே இல்லை. தேசிக்காய் மணம்தான்.”

அந்தக் கரடுமுரடான எஞ்சினுக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அதில் பழகின காலுக்கு இப்போது எந்தக் காரும் பயமில்லை. மற்றப் பெண்களுக்குப் புருஷன்மார் சீலையும் சங்கிலியும் கொடுத்தார்கள். எனக்கு என் மனுசன் தன் குதிரைவலுவில் கொஞ்சத்தைக் குறைத்துத் தந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கராஜில் குணம் அண்ணையின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் காரின் பொனற் திறந்திருக்கிறது. தட்டில் சீலைத் துணி மட்டும் கிடக்கிறது. உள்ளே சுற்றிவைத்த ரேஸ் காமைக் காணவில்லை. இரண்டு முதுகு மட்டும் தெரிகிறது. கதவில் நின்று சொல்கிறேன்:

“இஞ்சேருங்கோ, கழட்டுறதெண்டா வெள்ளிக்கிழமை கழியக் கழட்டுங்கோவன்.”